ஊறாத கிழங்கு, முடங்கிய கால்: காங்கோவின் குவாங்கோ பகுதியில் கோன்சோ நோய் – ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்மேற்கில், அங்கோலா எல்லையை ஒட்டி இருக்கிறது குவாங்கோ மாகாணம். காலஹாரி மணல் மூடிய மேட்டுநிலம். மண்ணில் சத்து குறைவு. அங்கே நம்பி நடக்கூடிய பயிர் மரவள்ளி, அதிலும் கசப்பு மரவள்ளி. கிழங்கை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, மாவாக்கி, கொதிநீரில் கிளறிய கெட்டிக் களிதான் அன்றாடச் சாப்பாடு. ‘லுகு’ என்பார்கள், நாட்டின் மற்ற பகுதிகளில் ‘ஃபுஃபு’. மூன்று வேளையும் அதுவே கிடைத்தால் நல்ல நாள்.

இங்குள்ள பொபொகபாகா வட்டாரத்தில்தான் 1938-ல், பெல்ஜியக் குடியேற்ற ஆட்சியின்போது, இத்தாலிய மருத்துவர் ஜியோவான்னி ட்ரோலி ‘கோன்சோ’ என்ற நோயை முதன்முதலில் பதிவு செய்தார். மரவள்ளியில் மிஞ்சிய சயனைடு, புரதம் குறைந்த உணவோடு சேரும்போது இரண்டு கால்களையும் நிரந்தரமாக விறைக்க வைக்கும் நோய் இது. அதே வட்டாரத்தின் ஒரு கிராமத்தில் அதைத் தடுத்துக் காட்ட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தடுக்க உதவியவை ஒரு பேசின், ஒரு பாய், தண்ணீர், இரண்டு மணி நேர வெயில். வழி இவ்வளவு எளிதாக இருந்தும் ஏன் இத்தனை காலம் பிடித்தது, எந்த இடத்தில் அது இன்னும் வழுக்குகிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

நோயைக் கண்டறிதல்

கோன்சோ மெல்ல வருவதில்லை. பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில், கால்கள் விறைத்துவிடும். நீண்ட நடைக்கோ கடும் உழைப்புக்கோ பிறகு தொடங்குவது வழக்கம். குழந்தைகளும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பால்குடி மறவாத கைக்குழந்தைகளுக்கு அநேகமாக வருவதில்லை. வந்தபின் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1996-ல் மூன்று அடையாளங்களை வகுத்தது. நடக்கும்போதோ ஓடும்போதோ இரு கால்களும் ஒரே அளவில் விறைத்துத் தெரிய வேண்டும். அதற்குமுன் நலமாக இருந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் தொடங்கி, அதன்பின் முற்றாமல் நின்றிருக்க வேண்டும். முதுகெலும்பு நோய்க்கான அறிகுறி இல்லாமல், முழங்கால் அல்லது கணுக்கால் அனிச்சைத் துடிப்பு இருபுறமும் மிகுந்திருக்க வேண்டும். துணையின்றி நடந்தால் லேசான நிலை, ஒன்றிரண்டு கோல் ஊன்றினால் நடுத்தரம், நடக்கவே முடியாவிட்டால் கடுமை.

களத்தில் இதைப் போலியோ என்று பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. போலியோவில் கால் துவளும், பெரும்பாலும் ஒரு புறம் மட்டும். கோன்சோவில் விறைக்கும், இரு புறமும். ஹெச்.டி.எல்.வி. வைரஸால் வரும் கால் விறைப்பு மாதக்கணக்கில் மெதுவாக முற்றும். மிக நெருங்கிய உறவு, கேசரிப் பருப்பை மட்டுமே தின்று பஞ்சம் கடத்தியவர்களுக்கு வட இந்தியாவிலும் வங்கதேசத்திலும் எத்தியோப்பியாவிலும் வந்த கால்முடக்கம்தான். அங்கே நஞ்சு வேறு. ஆனால் வறட்சியைத் தாங்கும் ஒரே பயிர், வேறு உணவில்லாத வீடு என்ற பின்னணி ஒன்றே.

நஞ்சு எப்படிப் பிறக்கிறது

இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால் பிறகு சொல்லும் செய்முறை தானாக விளங்கும்.

மரவள்ளியில் சயனைடு தனியாக இல்லை. லினமரின் என்ற சர்க்கரைச் சேர்மத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் லினமரேஸ் நொதி, அதே திசுவில் செல் சுவரில் தனியே இருக்கிறது. கிழங்கு நசுங்கினாலோ ஊறி அழுகினாலோ இரண்டும் சந்திக்கின்றன. லினமரின் உடைந்து அசிட்டோன் சயனோஹைட்ரின் ஆகிறது. அது மேலும் உடைந்து ஹைட்ரஜன் சயனைடாகிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஆப்பிரிக்க வெயிலில் தானே பறந்துவிடும். ஆகவே பதப்படுத்தலின் வேலை நஞ்சைக் கழுவுவதைவிட, நொதிக்கு அவகாசம் கொடுத்து வாயுவை வெளியேற்றுவதுதான்.

நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். கிழங்கைச் சீக்கிரம் காயவைத்தால், பாதி வேலையில் நொதி நின்றுவிடும். லினமரினும் நொதியும் காய்ந்த மாவுக்குள் அருகருகே அப்படியே கிடக்கும். அந்த மாவைக் கொதிநீரில் கொட்டிக் களி கிண்டினால் சூடு நொதியைக் கொன்றுவிடும், லினமரின் தப்பிவிடும். அது வயிற்றுக்குள் போய், ஒரு பகுதி குடல் நுண்ணுயிர்களால் உடைந்து சயனைடாகும், மற்றது சிறுநீரில் அப்படியே வெளியேறும். ‘நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும்’ என்ற அறிவுரை இங்கே ஏன் பலிக்காது என்பதற்கு விடை இதுதான்.

கசப்பு ரகத்தின் பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருப்பது சாதாரணம். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரப்படி 50 மி.கி.க்குக் கீழே இருந்தால்தான் அது இனிப்பு மரவள்ளி. வறட்சி வந்தால் அதே செடி இரண்டு, மூன்று மடங்கு நஞ்சைச் சேர்த்துக்கொள்ளும். உணவு குறையும் ஆண்டில்தான் உணவின் நஞ்சு ஏறுகிறது.

இனிப்பு ரகத்துக்கு மாறச் சொல்லலாமே என்று தலைநகரிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. கசப்பு ரகத்தைக் காட்டுப்பன்றியும் குரங்கும் தின்பதில்லை. பிடுங்கிய கையோடு சுட்டுத் தின்ன முடியாது என்பதால் திருட்டும் குறைவு. மலாவியில் பெண் விவசாயிகள் இதே காரணங்களைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நிலத்தில் இரண்டு ஆண்டு வரை காத்திருக்கும் ஒரு சேமிப்பை, பாதுகாப்பில்லாத ஒரு ரகத்துக்காக விட்டுவிடச் சொல்வது சரியான அறிவுரை ஆகாது.

மூன்று நாள் எங்கே போனது

குவாங்கோ பெண்களுக்குச் செய்முறை தெரியாது என்பதில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்வது இது: கிழங்கை ஓடையிலோ குட்டையிலோ மூன்று நான்கு நாள் மூழ்கவிட வேண்டும். நுண்ணுயிர்கள் திசுவை மென்மையாக்கும். விரலால் அழுத்தினால் பிதுங்கி, தோல் கையோடு வந்து, நடுநார் உருவினால் வர வேண்டும், அதுவே பதம். பிறகு துண்டாக்கி, காயவைத்து, உரலில் இடித்து, சலிக்க வேண்டும். ஒரு நாள் ஊறலில் ஏறத்தாழப் பாதி லினமரின் மிஞ்சும். மூன்று நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து நாளில் சொற்பம். அதன்பின் நிதானமாகக் காய்வது மீதியையும் குறைக்கும். இம்முறையை முழுமையாகச் செய்த ஊர்களில் கோன்சோ இல்லை.

மாறியது கால அளவு. குவாங்கோ அப்போது அடங்கியிருந்த பழைய பாண்டுண்டு மாகாணத்தின் வழியே, தலைநகர் கின்ஷாசாவிலிருந்து கிக்விட் நகர் வரை தார்ச்சாலை வந்ததும், தலைநகரின் மரவள்ளிப் பசி கிராமம் வரை எட்டியது. லாரி வரும் நாளுக்குச் சரக்கு தயாராக இருக்க வேண்டும். மூன்று நாள் ஊறல் இரண்டானது, ஒன்றானது. ஜான் பியேர் பனேயாவும் தோர்கில்ட் டில்லெஸ்காரும் சக ஆய்வாளர்களும் 1990-களின் தொடக்கத்தில் இந்தக் குறுக்குவழியையும் கோன்சோவையும் இணைத்துக் காட்டினார்கள். அவர்களுடைய ஒப்பீட்டில் இன்னொன்றும் தெரிந்தது: சாலையும் சந்தையும் பொதுவாக இருந்தும், நோய் வறண்ட புல்வெளிக் கிராமங்களில் குவிந்தது, காட்டோரக் கிராமங்களில் வேறு உணவும் கிடைத்ததால் அவை தப்பின.

மொசாம்பிக்கின் வடக்கில் கதை வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 1981 வறட்சியில் நம்புலா மாகாணத்தில் 1,102 பேர் முடங்கினார்கள். அப்போது அங்கே மாவட்ட மருத்துவராக இருந்த ஹான்ஸ் ரோஸ்லிங்கும், மருத்துவர் ஜூலி கிளிஃப்பும் காரணத்தைத் தேடினார்கள். அங்கே ஊறவைக்க நீர் கிடையாது. தோல் சீவி வெயிலில் காயவைப்பதே வழக்கம். வெறுமனே வெயிலில் காயவைத்தால் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நஞ்சு தங்கும். குவித்து மூடிப் பூஞ்சை பிடிக்கவிட்டுக் காயவைத்தால் அதில் பாதிதான் தங்கும். ஆனால் பசித்த வீட்டில் குவியல் அத்தனை நாள் காத்திருப்பதில்லை. 1992–93-ல் போரும் வறட்சியும் சேர்ந்தபோது நோய் திரும்ப வந்தது.

குவாங்கோவில் வறண்ட பருவம் மே இறுதியில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும். நோயாளிகள் அந்த மாதங்களில்தான் கூடுகிறார்கள். ஓடையில் நீர் குறையும், இரவுக் குளிரால் ஊறலும் தாமதமாகும். மழைக்காலத்தில் கிடைத்த காளான், கம்பளிப்புழு, கீரை ஆகியவை தட்டிலிருந்து மறைந்துவிடும். நஞ்சு கூடுவதும் அதைச் சமாளிக்கும் புரதம் குறைவதும் ஒரே மாதங்களில் நடக்கின்றன.

தட்டில் ஒரு கணக்கு

உடலுக்குச் சயனைடை முறிக்கும் வழி உண்டு. ரோடனேஸ் நொதி, கந்தக அணு ஒன்றைச் சேர்த்து அதைத் தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் தள்ளும். அந்தக் கந்தகம் மெதியோனின், சிஸ்டைன் என்னும் அமினோ அமிலங்களிலிருந்து வர வேண்டும்.

20 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்று நாளில் 200 கிராம் மரவள்ளி மாவின் களியைத் தின்கிறது என்று வைப்போம். மாவில் கிலோவுக்கு 50 மி.கி. சயனைடு இருந்தால் உள்ளே போவது அதிகபட்சம் 10 மி.கி. அதை முறிக்க ஏறத்தாழ 55 மி.கி. மெதியோனின் அல்லது 45 மி.கி. சிஸ்டைன் செலவாகும். அந்த வயதில் கந்தக அமினோ அமிலங்களின் மொத்தத் தேவை நாளொன்றுக்கு 360 மி.கி. அளவு, அதில் ஏழில் ஒரு பங்கு நஞ்சு முறிக்கவே போய்விடும். அந்த 200 கிராம் மாவு தரும் புரதமோ 3 கிராம் போல. தேவை 18 கிராம். வளரப் பயன்பட வேண்டியது காவலுக்குச் செலவாகிறது. காங்கோவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதற்குக் காரணங்கள் பல. மரவள்ளிப் பகுதிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

மரவள்ளி மாவுக்கான கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 10 மி.கி. அந்த மாவிலும் இக்குழந்தைக்கு நாளுக்கு 2 மி.கி. வரை போகும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஒரே நாளில் உடல் எடை கிலோவுக்கு 0.09 மி.கி., தினசரித் தொடர் உணவில் 0.02 மி.கி. என்று வரம்பு சொல்கிறது. 20 கிலோவுக்கு அவை 1.8 மி.கி., 0.4 மி.கி. அதாவது ‘பாதுகாப்பான’ மாவும், அதையே நாள்தோறும் தின்னும் பிள்ளைக்குத் தினசரி வரம்பைப் போல ஐந்து மடங்கு. சமைக்கும்போது கொஞ்சம் போகும், சிறுநீரில் கொஞ்சம் போகும் என்று கழித்தாலும், 10 என்ற எண்ணை இலக்காக மட்டும் வைத்துக்கொண்டு திருப்திப்படக் கூடாது.

கேரளத்தில் கப்பையைத் தொடர்ந்து தின்றும் கோன்சோ வரவில்லையே என்ற கேள்வி நம் பக்கத்தில் எழும். கப்பைக்கு மீன்குழம்பு உண்டு, அரிசியும் உண்டு. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கை அரைத்து மாவுப்பாலைத் திரும்பத் திரும்பக் கழுவும்போதே லினமரினும் நீரோடு போய்விடுகிறது.

ஈரமாக்கும் முறை

கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஹோவர்ட் பிராட்பரி 2000-களின் நடுவில் முன்வைத்த யோசனை, ஊறலை விட்டுவிட்டு மாவைப் பிடித்தது. காய்ந்த மாவில் லினமரினும் நொதியும் அருகருகே தூங்குகின்றன. தண்ணீர் பட்டால் நின்ற வேலை மறுபடி தொடங்கும். கொதிநீர் படுவதற்கு முன் பச்சைத் தண்ணீர் பட வேண்டும், அவ்வளவே.

அன்றைய சமையலுக்கான மாவைப் பேசினில் கொட்டி, அழுத்தாமல் கையால் மட்டமாக்க வேண்டும். மாவு நிற்கும் உயரத்தைப் பேசினின் உட்சுவரில் கோடிட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால், மாவிலுள்ள காற்று போய் மட்டம் முதலில் இறங்கும். மேலும் தண்ணீர் விட விட ஏறி, பழைய கோட்டைத் தொடும். அங்கே நிறுத்த வேண்டும். தராசும் அளவுக்குவளையும் தேவையில்லை. மாவு நைசாக இருந்தாலும் கொரகொரப்பாக இருந்தாலும் கோடே அளவைச் சொல்லிவிடும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

ஈர மாவைப் பாயிலோ அகலமான கூடைத்தட்டிலோ ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்ப வேண்டும். வெயிலில் 2 மணி நேரம், நிழலானால் 5 மணி நேரம். பிறகு அன்றே கொதிநீரில் கிளறிக் களியாக்க வேண்டும். நஞ்சு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகவோ, ஆறில் ஒரு பங்கு வரையிலுமோ குறைந்துவிடும். கசப்பும் குறையும், களி பிடித்திருந்ததாலேயே பெண்கள் தயக்கமின்றி ஏற்றார்கள்.

பொபொகபாகா வட்டாரத்தின் காய் கலெங்கே கிராமத்தில் 34 கோன்சோ நோயாளிகள் இருந்தார்கள். பனேயாவின் குழு அங்குள்ள பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. மாவின் சயனைடு கிலோவுக்கு 10 மி.கி. அளவுக்கு வந்தது, பள்ளிக் குழந்தைகள் 100 பேரின் சிறுநீர்த் தயோசயனேட் சராசரி லிட்டருக்கு 332 மைக்ரோமோலிலிருந்து 130-க்கு இறங்கியது. திட்டம் நடந்த காலத்தில் புதிய நோயாளி ஒருவரும் இல்லை. 2012-ல் முடிவுகள் வெளியாயின. அதற்குள்ளாகவே மேலும் மூன்று கிராமங்களில் வேலை தொடங்கியிருந்தது.

எங்கே தவறுகிறது

தண்ணீரைக் குறைத்து விடுவது முதல் தவறு. பிசுபிசுப்பாக நின்றுவிட்டால் நொதி வேலை செய்யாது. நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்கும் ஊர்களில் இது வேண்டுமென்றே நடக்கும். அங்கே விளக்கச் சுவரொட்டியைவிடத் தண்ணீர்க் குடம்தான் முக்கியம். அடுத்தது தடிமன். சின்னப் பாயில் மூன்று விரற்கடை உயரம் பரப்பினால் உள்ளே பிறந்த வாயு உள்ளேயே தங்கும். குடும்பம் பெரிதானால் இன்னொரு பாய் வேண்டும். பாயும் பேசினும் கொடுக்காமல் பயிற்சி மட்டும் கொடுப்பது பாதி வேலை.

மூன்றாவது, மறுநாளைக்கென்று ஈர மாவை எடுத்துவைப்பது. புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படி ஒருமுறை மாவு வீணான வீட்டில் முறையே கைவிடப்படும். நான்காவது, ஆரம்ப நஞ்சின் அளவு. கிலோவுக்கு 40 மி.கி. உள்ள மாவை இம்முறை காப்பாற்றும். வறட்சி ஆண்டில் 150 மி.கி. உள்ள மாவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தாலும் 30 மிச்சம். ஈரமாக்குவது ஊறலுக்கு மாற்று ஆகாது. ஊறல் குறைந்ததால் விட்டுப்போனதைப் பிடிக்கும் இரண்டாம் வலை அது.

ஐந்தாவதை எழுதும்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது. மாவை விற்கும் வணிகருக்கு அதை ஈரமாக்கக் காரணமே இல்லை. ஈரமானால் எடை கெடும், சரக்கு கெடும். குவாங்கோவின் கஹெம்பா போன்ற ஊர்களில் கோன்சோ அதிகம்; வாங்கித் தின்னும் குடும்பத்துக்குக் கிழங்கு எத்தனை நாள் ஊறியது என்று தெரியவே வழியில்லை. தார்ச்சாலை தந்த வருமானத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை, தரவும் வேண்டாம். ஆனால் ஊறல் நாளைத் தீர்மானிப்பது லாரியின் வருகை என்றால், பொறுப்பைப் பெண்களின் சமையலறையில் மட்டும் இறக்கிவைப்பது நியாயமில்லை. நீரில் மூழ்கிய சரக்குக்கே முன்பணம், மூன்று நாள் கழித்து எடுப்பு என்ற சின்ன ஏற்பாடுகூட விளைவைத் தரும்.

புரதத்தைப் பொறுத்தவரை, கையில் இருப்பது மரவள்ளிக் கீரைதான். இடித்து நெடுநேரம் வேகவைக்கும் ‘பொண்டு’வில் புரதம் நன்றாகவே உண்டு, ஆனால் கந்தக அமினோ அமிலங்கள் அதில் குறைவு. கீரையிலும் லினமரின் இருப்பதால் நன்றாக இடிக்காமல் வேகவைத்தால் வேறு சிக்கல். நிலக்கடலையும் காராமணியும் ஊடுபயிராகச் சேர வேண்டும். மணல் மண்ணில் விதைக்கு முதல் ஆண்டு உதவியில்லாமல் அது நடக்காது.

கண்காணிப்புக்கு ஆய்வகம் வேண்டாம். பிராட்பரியின் குழு செய்த பிக்ரேட் தாள் பெட்டியில் 100 மி.கி. மாவை ஒரு சிறு குப்பியில் நீரோடும், அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் இடையகத் தாளோடும் இட்டு, மஞ்சள் பிக்ரேட் தாளைத் தொங்கவிட்டு மூடி, ஓர் இரவு விட வேண்டும். தாள் பழுப்பேறும் அளவை வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் சயனைடு அளவு தெரியும். மூடி இறுக்கமில்லாத குப்பி எப்போதும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சிறுநீர்த் தயோசயனேட்டுக்கும் இதே வகைப் பெட்டி உண்டு. லிட்டருக்கு 350 மைக்ரோமோலைத் தாண்டினால் அபாயம் என்று கொள்கிறார்கள்.

ஏற்கெனவே முடங்கியவர்களுக்கு மருந்தில்லை. ஊன்றுகோல், நடைப்பயிற்சிக்கு முற்றத்தில் நட்ட இரு கம்புகள், குதிகால் தசைநாண் சுருங்கியவர்களில் சிலருக்கு அறுவை, இவ்வளவே. கால் நன்றாக இருக்கும் குழந்தைகளும் முழுதாகத் தப்பவில்லை: கஹெம்பாவில் போவின், ட்சாலா கதும்பாய் ஆகிய ஆய்வாளர்களின் குழு செய்த ஆய்வில், கோன்சோ உள்ள வீடுகளில் நோயில்லாத பிள்ளைகளுக்கும் நினைவாற்றல், கற்றல் சோதனைகளில் குறைபாடு தெரிந்தது. எனவே ‘புதிய நோயாளி இல்லை’ என்பதை மட்டும் வெற்றிக்கு அளவாகக் கொண்டால் பாதிப்பின் பெரும்பகுதி கணக்கில் வராது. பள்ளிக் குழந்தைகளின் சிறுநீர்ச் சோதனையை மே மாதத்தில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை என்று ஆண்டுதோறும் எடுத்தால்தான், முறை வீடுகளில் தொடர்கிறதா விட்டுப்போனதா என்பது அடுத்த வறட்சிக்கு முன் தெரியவரும்.